எந்த ஜாவா ஓடுகிறது, நினைவகத்தை யார் தின்கிறார்கள்?

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில், நூல் வரவு முதல் சாயப்பட்டறைக்குப் போன துணி, கட்டிங், பேக்கிங் வரை கணக்கு வைக்கும் மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டு, மூலையில் இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பராமரிப்பவரிடம் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். "ஜாவா புதுசாப் போட்டாச்சுங்க, அப்பவும் புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது" என்பது ஒன்று. "காலையில நல்லாத்தான் இருந்துச்சுங்க, மத்தியானத்துக்கு மேல தொங்குது" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஜாவாவைத் திட்டிவிட்டுச் சர்வரை அணைத்துப் போடுவதுதான் வழக்கம்.

முதல் புகாரைப் புரிந்துகொள்ள, ஜாவா நிரலைத் தொகுத்தால் (கம்பைல் செய்தால்) என்ன கிடைக்கிறது என்று பார்க்கவேண்டும். கிடைப்பது பைட்கோடு என்னும் இடைநிலைக் கட்டளைகள், அவற்றைக் கணினியின் செயலி (பிராசஸர்) நேரடியாகப் படிக்காது, ஜாவாவுடன் வரும் மெய்நிகர் இயந்திரம் என்னும் மென்பொருள்தான் படித்து இயக்கும். பைட்கோடு அடங்கிய ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும் ஓர் அடையாளமும், அதையடுத்து ஒரு பதிப்பெண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65 என்பவை அந்த எண்கள். 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு தெரிந்துவிடும். ஜாவா 17-க்காகத் தொகுக்கப்பட்ட மென்பொருளை ஜாவா 8 திறக்க முயன்றால், 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' என்ற நீண்ட பிழைச்செய்தி வரும். அதில் படிக்கவேண்டியவை இரண்டே எண்கள்: மென்பொருள் கேட்கும் 61.0, இயந்திரத்தால் எட்டமுடிந்த 52.0.

புதிய பதிப்பை நிறுவிய பிறகும் இந்தப் பிழை ஏன் வருகிறது? டெபியன், உபுண்டு என்னும் லினக்ஸ் வகைகளில் ஒரே கணினியில் பல ஜாவாக்கள் அருகருகே இருக்கலாம். 'ஜாவா' என்று தட்டினால் எது ஓடவேண்டும் என்பதை 'ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்னும் ஏற்பாடு வேறொரு கோப்பைச் சுட்டும் குறியிணைப்பு ஒன்றின் வழியாகத் தீர்மானிக்கிறது. எப்போதோ ஒருவர் அதில் ஜாவா 8-ஐக் கையால் தேர்ந்தெடுத்திருந்தால், அதன்பின் எத்தனை புதிய பதிப்புகளை நிறுவினாலும் அந்தத் தேர்வு மாறாது. இதைவிட ஏமாற்றும் சிக்கல் வேறொன்று உண்டு. டெர்மினலில் பதிப்பைக் கேட்டால் 17 என்று வரும். ஆனால் லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி தொடங்கிவைக்கும் சேவை, பயனரின் டெர்மினல் அமைப்புகள் இருக்கும் பேஷ் கோப்பில் எழுதிய, ஜாவா இருக்குமிடத்தைச் சொல்லும் 'ஜாவா ஹோம்' அமைப்பைப் படிப்பதே இல்லையாதலால், தன் போக்கில் பழைய ஜாவாவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே டெர்மினல் சொல்வதை நம்பாமல், ஓடும் செயல்முறையையே (பிராசஸ்) கேட்பது நல்லது. 'பிராக்' கோப்புறைக்குள் அச்செயல்முறையின் எண்ணில் இருக்கும் துணைக்கோப்புறையில் 'எக்ஸி' என்றோர் இணைப்பு உண்டு. அது எந்தக் கோப்பைச் சுட்டுகிறதோ அந்த ஜாவாதான் ஓடுகிறது.

இனி வேகம். காலையில் முதலில் உள்ளே நுழைபவருக்கு மென்பொருள் சற்று மந்தமாகத் தெரிவது கோளாறு அன்று. ஹாட்ஸ்பாட் என்னும் மெய்நிகர் இயந்திரம் பைட்கோடைத் தொடக்கத்தில் வரிவரியாகப் பொருள்கொண்டு இயக்கி, அடிக்கடி அழைக்கப்படும் பகுதிகளை மட்டும் பின்னர் செயலியின் சொந்தக் கட்டளைகளாக மாற்றிவைத்துக்கொள்கிறது. மந்தமானவுடன் மறுதொடக்கம் செய்பவர், இப்படிச் சேர்ந்த வேகத்தையும் நோய்க்கான தடயத்தையும் ஒருசேர அழித்துவிடுகிறார்.

மதியத்துக்கு மேல் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நினைவகம். நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஜாவா தன் பொருள்களை வைக்கும் 'ஹீப்' பகுதிக்கு உச்சவரம்பாகக் கணினியின் நினைவகத்தில் கால்பங்கை எடுத்துக்கொள்ளும்; 8 ஜிபி கணினியில் ஏறத்தாழ 2 ஜிபி. போதவில்லை என்று கண்டவர் அந்த உச்சவரம்பைக் குறிக்கும் 'எக்ஸ்எம்எக்ஸ்' அமைப்பில் 7 ஜிபி என்று தாராளமாக எழுதிவிடுவார். அதே கணினியில் தரவுத்தளமும் ஓடுகிறது, லினக்ஸுக்கும் கோப்புகளைத் தாங்கிவைக்க இடம் வேண்டும் என்பது அப்போது மறந்துபோகும். அத்துடன் அந்த வரம்பு ஹீப்புக்கு மட்டுமே உரியது. கிளாஸ் விவரங்கள் தங்கும் மெட்டாஸ்பேஸ், மாற்றிவைத்த கட்டளைகளின் கிடங்கு, மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடரான ஒவ்வொரு இழைக்கும் (திரெட்) 1 எம்பி வரை போகக்கூடிய அடுக்கு (ஸ்டாக்) ஆகியவை அதற்கு வெளியே இடம் பிடிக்கின்றன.

பயன்முடிந்த பொருள்களை அகற்றுவது கார்பேஜ் கலெக்டரின் வேலை. கட்டிங் டேபிளில் குவியும் துண்டுத்துணியை வாரும்போது கத்தரிப்பவர்கள் கையை எடுத்து நிற்பதுபோல, கலெக்டர் தன் பணியின் சில கட்டங்களில் மென்பொருளின் எல்லா இழைகளையும் நிறுத்திவைக்கும். ஹீப்பில் போதிய இடமிருந்தால் இந்நிறுத்தம் மில்லிவினாடிக் கணக்கிலேயே முடிந்துவிடும். இடம் நெருக்கியடித்தால், கலெக்டர் மீண்டும் மீண்டும் ஓடி, ஒவ்வொரு முறையும் சிறிதே மீட்கும். நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும், வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்கு ஹீப்பின் ஒரு பகுதி தள்ளப்பட்டிருந்தால் நிலைமை மோசமாகிவிடும். எது பயன்படுகிறது என்று அறியக் கலெக்டர் உயிருள்ள பொருள்களையெல்லாம் தொட்டுப் பார்த்தாகவேண்டும் என்பதால், வெளியே போன நினைவகப் பக்கங்கள் அனைத்தும் வட்டிலிருந்து திரும்ப வரும்வரை திரை உறைந்து நிற்கும். ஆகவே மந்தம் என்றவுடன் எக்ஸ்எம்எக்ஸ் எண்ணை ஏற்றுவது பல நேரங்களில் நோயை வளர்க்கும் மருந்து. 8 ஜிபி கணினியில் தரவுத்தளமும் இருந்தால் 3 ஜிபியில் தொடங்கிப் பார்ப்பதே என் பரிந்துரை.

நினைவகப் பற்றாக்குறையால் செயல்முறை இருவிதமாகச் சாகும். ஹீப் நிரம்பினால் ஜாவாவே 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்று மென்பொருளின் பதிவேட்டில் (லாக்) எழுதும். கணினி முழுவதற்கும் நினைவகம் தீர்ந்தால், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பெரிய செயல்முறை ஒன்றைத் தேர்ந்து கொன்றுவிடும். மென்பொருளின் பதிவேட்டில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இராது. சத்தமில்லாமல் மறைந்த ஜாவாவைத் தேடுபவர் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையில் கெர்னலின் பதிவைப் பார்க்கவேண்டும்.

மென்பொருள் சாகாமல், செயலியை மட்டும் முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தால், ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் 'டாப்' கட்டளையை இழைவாரியாகக் காட்டச் சொல்லவேண்டும். மேலே நிற்பவை கார்பேஜ் கலெக்டரைக் குறிக்கும் 'ஜிசி திரெட்' என்ற பெயருடையவை என்றால் சிக்கல் நினைவகத்தில்தான். வேறு இழையாக இருந்தால், ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகேயுடன் வரும், ஒவ்வொரு இழையும் எங்கே நிற்கிறது என்று காட்டும் 'ஜேஸ்டாக்' கருவியைச் சில வினாடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை இயக்கி, அந்த இழையின் எண்ணைத் தேடவேண்டும். டாப் காட்டுவது பத்தடிமான எண், ஜாவா 8, 11, 17 பதிப்புகளில் ஜேஸ்டாக் காட்டுவது பதினாறடிமான எண் என்பதால் மாற்றிக்கொண்டு தேடவேண்டியிருக்கும். எல்லா முறையும் அந்த இழை ஒரே செயற்கூறில் (மெத்தட்) நின்றால், மென்பொருளை எழுதியவருக்கு அனுப்பவேண்டியது அந்தச் செயற்கூறின் பெயரும் வரி எண்ணும்தான்.