16 பிக்சலில் 1: கேம்கள் கணக்கைக் குறைத்து ஊகத்தைக் கூட்டுவது எப்படி?

ஒரு 4கே திரையில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 120 பிரேம் என்றால் அதிலும் பாதி. அதற்குள் கன்ட்ரோலரில் அழுத்திய பட்டனைப் படித்து, பாத்திரங்களை நகர்த்தி, மோதல்களைச் சரிபார்த்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீர்மானித்தாக வேண்டும். 2018-க்குப் பிறகு கேம் கிராபிக்ஸில் வந்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவை, இந்தக் கணக்கில் எவ்வளவைப் போடாமலே தப்பிக்கலாம் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை.

அந்த நெருக்கடியை உண்டாக்கியது ரே டிரேசிங். அதற்கு முன் கேம்கள் முழுக்க நம்பியிருந்த முறை ராஸ்டரைசேஷன்: காட்சியிலுள்ள பொருள்களை ஆக்கும் முக்கோணங்களை ஒவ்வொன்றாகத் திரைமீது பதித்து, எது முன்னால் நிற்கிறது என்று ஆழ அளவை ஒப்பிட்டு நிறமிடுவது. மிக வேகமானது. ஆனால் ஒரு முக்கோணத்துக்குப் பக்கத்து முக்கோணம் இருப்பதே தெரியாது. அதனால் நிழலுக்கு ஒரு தந்திரம், பிரதிபலிப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக ஒட்டவைக்க வேண்டியிருந்தது. பல கேம்களில் கேமராவைக் கீழே தாழ்த்தினால் குளத்து நீரில் தெரிந்த மலை சட்டென்று மறையும். திரையில் ஏற்கெனவே வரையப்பட்டதை மட்டுமே நகலெடுக்கும் பிரதிபலிப்பு அது. மலை திரையைவிட்டு வெளியேறினால் நகலெடுக்க எதுவும் மிஞ்சாது.

ரே டிரேசிங் ஒளிக்கதிரின் பாதையையே பின்தொடர்கிறது. இது புதிய யோசனையல்ல. 1980-இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் 640 × 480 அளவுள்ள ஒரே படத்துக்கு அன்றைய வாக்ஸ்-11/780 கணினி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. 2018-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கிராபிக்ஸ் கார்டுகள், கதிரும் முக்கோணமும் சந்திக்கும் இடத்தைத் தேடுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி ஒதுக்கின. 2020-இல் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் அந்த வசதி வந்தது.

தேடலை விரைவாக்குவது பெட்டிக்குள் பெட்டியாக அமைந்த ஒரு மரம். கதிர் பெரிய பெட்டியைத் தொடவில்லையென்றால் அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களைத் திறந்து பார்க்கவே வேண்டாம். சிக்கல், அசையும் பாத்திரங்களில் வருகிறது. அவை கைகால் அசைக்கும்போதெல்லாம் பெட்டிகளை நீட்டிச் சரிசெய்ய வேண்டும். நீட்டிக்கொண்டே போனால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து தேடல் மந்தமாகும். புதிதாகக் கட்டினால் அந்தப் பிரேமின் நேரம் போகும். நீட்டுவதையும் அவ்வப்போது கட்டுவதையும் கலந்து பிரேம்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் வழக்கம்.

பிக்சலுக்கு ஒரு கதிர் என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்தாலும் 4கே, 60 பிரேமுக்கு நொடிக்கு சுமார் 50 கோடிக் கதிர்கள். நிழலுக்கும் ஒளி தெறிப்பதற்கும் கூடுதல் கதிர்கள் சேர்ந்தால் அது பல மடங்காகும். அப்படியும் படம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத்தான் வரும். இந்தப் புள்ளிச் சிதறலைப் பாதியாக்கக் கதிர்களை 4 மடங்காக்க வேண்டும், கால்பங்காக்க 16 மடங்கு. ஆகவே கதிர்களைக் கூட்டித் தீர்க்க முடியாது. சுற்றியுள்ள பிக்சல்களையும் முந்தைய பிரேம்களையும் பார்த்து, இடைவெளிகளை ஊகித்து நிரப்ப வேண்டும். கேம் கிராபிக்ஸில் ஊகம் பெருவழியாகத் திறந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

அடுத்தது அப்ஸ்கேலிங், அதாவது சிறிதாக வரைந்த படத்தைப் பெரிய படமாக்குவது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் (இரண்டாம் பதிப்பு முதல்), இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் கேம் 1920 × 1080-இல் வரைகிறது, 4கே படம் வெளிவருகிறது. கால்பங்கு பிக்சல்களுக்கே கணக்கு. 'குவாலிட்டி' நிலையில் அகலமும் உயரமும் மூன்றில் இரண்டு பங்கு. இல்லாத விவரம் எங்கிருந்து வருகிறது? நியூரல் நெட்வொர்க் (ஏராளமான படங்களைப் பார்த்துக் கற்ற ஏஐ நிரல்) மந்திரம் போடுகிறது என்பது பாதி உண்மைகூட இல்லை. விவரத்தின் பெரும்பகுதி முந்தைய பிரேம்களிலிருந்தே வருகிறது.

ஒவ்வொரு பிரேமிலும் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவு வேண்டுமென்றே நகர்த்துகிறார்கள். பாதி அகலத்தில் வரையும்போது இப்படி 32 இடங்கள் கொண்ட சுழற்சி பொதுவாகப் பயன்படுகிறது. அதனால் ஒரே பிக்சலின் மாதிரி ஒவ்வொரு பிரேமிலும் சற்றே வேறு இடத்தில் விழுகிறது. சில பிரேம்களைச் சேர்த்தால் உயர்தரப் படத்துக்கான மாதிரிகள் கையில் இருக்கும். இதற்கிடையில் பொருள்கள் நகர்ந்திருக்குமே? அதற்காக ஒவ்வொரு பிக்சலும் முந்தைய பிரேமில் எங்கே இருந்தது என்று சொல்லும் மோஷன் வெக்டரைக் கேம் எஞ்சின் (கேமை இயக்கும் மென்பொருள்) கொடுக்கிறது. பழைய நிறத்தை எவ்வளவு நம்பலாம், எங்கே தூக்கிப்போட வேண்டும் என்ற தீர்ப்புதான் நெட்வொர்க்கின் வேலை. முதல் டிஎல்எஸ்எஸ்ஸை ஒவ்வொரு கேமுக்கும் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது, படமும் மங்கலாக இருந்தது. 2020-இன் இரண்டாம் பதிப்பு இந்தப் பழைய பிரேம் வழிக்கு மாறிய பிறகுதான் தரம் உயர்ந்தது.

பிழைகளும் இதே இடத்திலிருந்து வருகின்றன. தீப்பொறி, புகை, மழைத்துளி போன்றவற்றுக்கு மோஷன் வெக்டர் எழுத மறந்தால் அவை வால் இழுக்கும். ஓடும் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து புதிதாக வெளிப்படும் சுவருக்குப் பழைய பதிவே கிடையாது, ஓரிரு பிரேம் கரடுமுரடாகத் தெரியும். உயிர்நிலை எண், வரைபடம் போன்ற எழுத்துகளை அப்ஸ்கேலிங்குக்குப் பிறகே வரைய வேண்டும். முன்னால் வரைந்தால் எழுத்து கரையும். பரப்புகளின்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் பல அளவுப் பிரதிகளாக (மிப்) இருக்கும்; எதை எடுப்பது என்பதையும் வெளியீட்டுத் திரைக்கேற்பத் திருத்த வேண்டும். பாதி அகலத்தில் வரைந்தால் திருத்தம் குறைந்தது −1, அதாவது ஒரு படி பெரிய பிரதி. இதை விட்டுவிட்டால் தரையும் சுவரும் மங்கலாகும், பழி மட்டும் அப்ஸ்கேலர் மேல் விழும்.

பிரேம் ஜெனரேஷன் இதைத் தாண்டி முழுப் பிரேம்களையே ஊகிக்கிறது. 2022-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 3 இரண்டு நிஜப் பிரேம்களுக்கு இடையில் ஒன்றைச் செருகியது; 2025-இன் நான்காம் பதிப்பு மூன்று வரை செருகுகிறது. 4 பிரேமில் 1 மட்டும் நிஜம், அதிலும் கால்பங்கு பிக்சல்களுக்கே கணக்கு. பெருக்கினால் திரையில் தெரியும் 16 பிக்சலில் 1 மட்டுமே முறையாக வரையப்பட்டது.

இதன் விலை தாமதம். இடைப் பிரேமைச் செய்ய அடுத்த நிஜப் பிரேம் தயாராகியிருக்க வேண்டும்; தயாரானதை உடனே காட்டாமல் பிடித்துவைக்க வேண்டும். நிஜ வேகம் 30 பிரேம் என்றால் அவற்றின் இடைவெளி 33.3 மில்லிநொடி. ஒன்று செருகினால் சுமார் 17 மில்லிநொடி, மூன்று செருகினால் 25 மில்லிநொடி கூடுதல் தாமதம். செருகும் பிரேமைத் தயாரிக்கும் நேரம் இதற்கு மேல். திரையின் எண் 120 காட்டும், கை மட்டும் 30-க்கும் கீழான கேமை உணரும். செருகப்பட்ட பிரேம்களில் பட்டன் படிக்கப்படுவதில்லை. ஆகவே தடுமாறும் கேமைக் காப்பாற்ற இதை இயக்குவது வீண். முதலில் அமைப்புகளைக் குறைத்து நிஜப் பிரேமை 60-க்கு அருகே கொண்டுவர வேண்டும், பிறகுதான் இதைத் தொட வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு: 120 ஹெர்ட்ஸ் மானிட்டரில், பிரேம்களை மானிட்டரின் வேகத்துக்குள் கட்டும் வி-சிங்க்கோடு 4 மடங்கு நிலையைத் தேர்ந்தால் நிஜ வேகம் தானாகவே 30-க்கு இறங்கிவிடும். அங்கே 2 மடங்கே சரி.

ஊகிப்பதைவிட நாணயமான வழி, பார்க்காத இடத்தை வரையாமல் விடுவது. கண்ணின் கூர்மையான பகுதி மிகச் சிறியது, சுமார் 2 டிகிரிதான். 2023-இன் பிளேஸ்டேஷன் விஆர் 2 போன்ற ஹெட்செட்டுகள் கருவிழியைப் பின்தொடர்ந்து, பார்வை பதியும் இடத்தை முழுத் தரத்திலும் ஓரங்களைக் குறைந்த தரத்திலும் வரைய உதவுகின்றன. கண் தாவும்போது பார்வை கணநேரம் மழுங்குவது இதற்குச் சாதகம். கண் நிலைகொள்வதற்குள் புதிய இடம் தெளிவாகிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க முடியாது, பிந்தினால் மங்கல் பளிச்சென்று தெரியும்.

ஊகத்தின் கடைசி எல்லை, கேம் எஞ்சினே இல்லாமல் எல்லாவற்றையும் நெட்வொர்க் வரைவது. 2024-இல் கூகுள் ஆய்வாளர்களின் கேம்என்ஜென், டூம் கேமை ஒரே டிபியு சிப்பில் (கூகுளின் ஏஐ சிப்) நொடிக்கு 20 பிரேம் வேகத்தில் இப்படி ஓட்டிக் காட்டியது. முந்தைய பிரேம்களும் அழுத்திய பட்டன்களும் மட்டுமே அதன் உள்ளீடு. நினைவில் இருப்பது 64 பிரேம்கள், அதாவது மூன்று நொடிக்குச் சற்று அதிகம். குண்டுகளின் எண்ணிக்கை நிலைத்து நிற்பதற்குக் காரணம், அது எப்போதும் திரையில் எழுதப்பட்டிருப்பதுதான். திரையைவிட்டுப் போன கதவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கூகுள் டீப்மைண்டின் 2025-ஆம் ஆண்டு ஜீனி 3 இதை 720பி, 24 பிரேமில் சில நிமிடங்கள்வரை நீட்டியிருக்கிறது.

சேமித்து நாளை தொடரவும், இருவர் ஒரே கதவை ஒரே இடத்தில் காணவும் இது போதாது. அதற்குக் கதவின் இடமும் நிலையும் எங்காவது எண்ணாகப் பதிந்திருக்க வேண்டும். எனவே நடைமுறைக்கு நெருக்கமாகத் தெரிவது கலப்பு வழி: கதவு திறந்திருக்கிறதா, யாரிடம் சாவி என்பதையெல்லாம் பழைய பாணி எஞ்சின் வைத்துக்கொள்ளும், அந்தக் கதவின் மரவரியையும் அதில் விழும் ஒளியையும் நெட்வொர்க் வரையும்.