உபயமா, அனுசரணையா?

‘அம்பாளின் திருவருளுடனும், இன்ன ஸ்டோர்ஸின் அனுசரணையுடனும்.’ மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் திருவிழா நோட்டீஸில் இப்படி ஒரு வரி. அம்பாளுக்கும் ஒரு ‘உடனும்’, கடைக்காரருக்கும் ஒரு ‘உடனும்’. அதற்குக் கீழே கட்டம் கட்டி ‘இணை அனுசரணை’, இன்னொரு கட்டத்தில் ‘ஊடக அனுசரணை’. ஸ்பொன்சர் என்ற பொருளில் கிரிக்கெட்டுக்கு வந்த சொல் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு இறங்கியது, அங்கிருந்து கலை விழாவுக்குப் போனது, இப்போது மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்துக்கும் தேருக்கும் ஏறிவிட்டது. இனியும் பொறுக்க முடியாது என்பதால் இந்தக் குறிப்பு.

முதலில் சொல்லின் பொருள். ‘அனுசரணை’ வடமொழியிலிருந்து வந்தது. அனு என்றால் பின்னால், சரணம் என்றால் செல்லுதல். பின்னால் போவது, ஒத்துப்போவது. தமிழில் நாம் இதை அந்தப் பொருளிலேயே நெடுங்காலமாகப் புழங்குகிறோம். ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று மருமகளுக்கும் சொல்வார்கள், பஸ்ஸில் மூன்றாவது ஆளாக உட்கார வருகிறவரும் சொல்வார். அனுசரணையாகப் பேசுவது என்றால் இதமாக, எதிராளியின் மனம் கோணாமல் பேசுவது. காசு கொடுப்பது என்ற பொருள் இதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் ‘இந்த விழாவுக்கு யார் அனுசரணை?’ என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார். இலங்கையில் மட்டும் அது ஸ்பொன்சர் ஆகிவிட்டது.

சிங்களத்தில் இதே இடத்தில் ‘அனுக்ரஹய’ என்று போடுகிறார்கள். அதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே எடுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். எடுத்திருந்தால், தொலைபேசிக் கம்பெனியின் அனுக்கிரகத்தில் தேர் நகர்ந்திருக்கும்.

ஸ்பொன்சர் என்ற மூலச் சொல்லோ கோயிலிலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. இலத்தீனில் அதன் வேர், சபதம் செய்து பொறுப்பேற்பதைக் குறிக்கும். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகப் பதில் சொல்லிப் பொறுப்பு நிற்கிறவரே ஸ்பொன்சர். நம் தேவாலயங்களில் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று சொல்கிற ஆள். வானொலி வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டில்தான், காசு கொடுத்து நிகழ்ச்சிக்கு நடுவே தன் சவர்க்காரத்தை விற்கிறவருக்கு அந்தப் பெயர் போனது. பொறுப்பு நின்றவர் விளம்பரம் செய்பவராக மாறிய கதை அது. நம் ‘அனுசரணை’ அந்த இரண்டில் ஒன்றையும் பிடிக்கவில்லை.

சரி, கோயிலுக்கும் கூத்துக்கும் காசு கொடுப்பதற்கு நம்மிடம் சொல்லே இல்லையா? இருக்கிறது. உபயம்.

‘உபய’ என்றால் இரண்டு, இருபக்கம். பழைய கடிதங்களில் ‘உபய குசலம்’ என்று தொடங்குவார்களே, அங்கேயும் நலம், இங்கேயும் நலம், அந்த உபயம். கொடுப்பவர், ஏற்பவர் இரு தரப்புக்கும் நன்மை என்பதால் கோயில் கொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்று விளக்குகிறவர்கள் உண்டு. விளக்கம் எப்படியோ, கோயில் தூண்களில் ‘இன்னார் உபையம்’ என்று வெட்டிவைக்கும் பழக்கம் பழையது. இலங்கைக் கோயில்களில் கொடியேற்றம் தொடங்கி ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். இன்றைக்கும் ‘நாளைக்கு யாருடைய உபயம்?’ என்றுதான் கோயில் வாசலில் கேட்பார்கள். ‘நாளைக்கு யாருடைய அனுசரணை?’ என்று எந்தக் கிழவியும் கேட்டு நான் கேட்டதில்லை.

உபயத்தைக் கேலி செய்கிறவர்கள் உடனே டியூப்லைட் கதையை எடுப்பார்கள். வெளிச்சமே வெளியே வராதபடி அதன் மேலே பெயர் எழுதிய கதை. உண்மைதான். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் மணியிலே பெயர், ஒலிபெருக்கிப் புனலின் உள்வாயிலே பெயர், பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகில் சிவப்புப் பெயின்ற்றில் பெயர், சுவர்க் கடிகாரத்தில் முள்ளை மறைத்துக்கொண்டு பெயர். பெயர் ஆசை உபயத்திலும் உண்டு, யார் இல்லை என்றது? ஆனால் வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘மணி: இன்னார் உபயம்.’ மணி முதலில் வருகிறது, கொடுத்தவர் பின்னால் வருகிறார். மணி அடிக்கிறதா இல்லையா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். ‘இன்னாரின் அனுசரணையில் திருவிழா’ என்னும்போது கொடுத்தவர் முன்னுக்கு வந்து குந்திவிடுகிறார். என்ன கொடுத்தார், பந்தலா, தப்பு மேளம் அடிக்கிற தப்புக்காரர் கூலியா, வெறும் பெனர் மட்டுமா என்பது கடைசிவரை தெரியாது.

இந்த இடத்தில் தூய தமிழ் அன்பர்கள் வருவார்கள். உபயமும் வடசொல்தானே, இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு ‘புரவலர்’ என்று எழுதினால் என்ன என்பார்கள். இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அனுசரணையைவிட இது ஆபத்தானது. அனுசரணை வெறும் பிழை. புரவலர் அழகான சொல், அதனால் எவரும் கேள்வி கேட்பதில்லை.

புரத்தல் என்றால் காத்தல். ‘புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து’ என்று குறளில் வருகிறது. தன்னைக் காத்து வளர்த்த அரசன் கண்ணீர் வடிக்கும்படி சாவது கிடைக்குமானால், பிச்சை கேட்டாவது வாங்கத் தக்கது அந்தச் சாவு. படைவீரனைப் பற்றிய குறள். பாருங்கள், அந்த இரண்டு அடிக்குள்ளேயே புரத்தலும் இரத்தலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சங்கப் பாட்டுகளிலும் அப்படித்தான். புரவலர் ஒருவர் இருந்தால் எதிரே இரவலர் ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஜோடிச் சொற்கள் அவை. ஒன்றை மட்டும் எடுத்து நோட்டீஸில் அச்சடித்தாலும் மற்றது சொல்லாமலே வந்து நிற்கும்.

அப்படியானால் காமன் கூத்தில் இரவலர் யார்? மாசியில் அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைவர்மார் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். கோயில் காசைச் சம்பளத்தில், செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டிலேயே பிடித்துக் கொடுக்கிற வழக்கமும் தோட்டங்களில் உண்டு. நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கப் பல வருடம் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. இப்படிப் போராடி வாங்குகிற சம்பளத்தில் அரைப்பேரோ ஒரு பேரோ, அதாவது அரைநாள் கூலியோ ஒருநாள் கூலியோ போட்டுத்தான் ரதிக்குச் சேலையும் மதனுக்குக் கிரீடமும் வருகின்றன. கூத்து மாஸ்டர் இரவிரவாகப் பாட்டுப் படிக்கிறார், தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றி அடிக்கிறார்கள், வீரபுத்திரன் வேசம் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார். விடிந்தால் அதே ஆட்கள் பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகிறார்கள். இதில் புரந்தவர் யார், இரந்தவர் யார்? கூத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து ஒலிபெருக்கிக்குக் காசு கொடுத்துவிட்டு மேடையில் மாலை வாங்கிக்கொண்டவருக்குப் புரவலர் பட்டமா? அதை ஏற்றால், ஒரு பேர் காசு போட்டவர்கள் எல்லாரும் இரவலர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுத்து வாழ்கிற சனங்களை வாங்கி வாழ்கிறவர்களாகக் காட்டுகிற வேலையை மலையகத்துக்கு வெளியே இருக்கிறவர்கள் போதிய அளவு செய்துவிட்டார்கள். நாமே நோட்டீஸ் அடித்து உதவ வேண்டாம்.

கொழும்பு நூல் வெளியீடுகளில் புரவலர் இப்போது பெயருக்கு முன்னால் போடுகிற பட்டமாகவே ஆகிவிட்டது, டொக்டர் மாதிரி. முதற்பிரதி வாங்குகிறவர் எவராக இருந்தாலும் புரவலர்தான். அது அவர்கள் பாடு. புத்தகக்காரருக்கும் முதற்பிரதிக்காரருக்கும் நடுவில் என்ன உறவோ, நமக்குத் தெரியாது. அந்தப் பட்டம் மலை ஏறி இங்கே வர வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

‘நல்கை’ என்று ஒரு சொல்லையும் சிலர் நீட்டுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும். கூத்துக்களத்தில் யார் வாயிலும் நுழையாது.

அரசர்கள் கலைக்குக் கொடுத்த காலத்தில் என்ன சொல் இருந்தது என்று பார்த்தால் இன்னொரு சுவையான விசயம் கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, கோயிலில் ஆடுகிற பெண்களைக் குடியேற்றினான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருடத்துக்கு 100 கலம் நெல். பிறகு அதே கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுகிறவருக்கு வருடத்துக்கு 120 கலம் நெல் ஒதுக்கிய கல்வெட்டும் இருக்கிறது. கொடுத்தது அரசன்தான். ஆனாலும் ஆடின பெண்ணுக்குக் கிடைத்ததற்குப் பெயர் பங்கு. பங்கு என்பது உரிமை. பிச்சையோ தயவோ ஆகாது.

இதே சொல் நம் மலைநாட்டிலும் இருக்கிறது, சிங்கள வாயில். கண்டியில் தலதா மாளிகைக்கும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கும் பெரகரா ஊர்வலத்தில் மேளம் அடிப்பவர், ஆடுபவர், தீவட்டி பிடிப்பவர் என்று சேவகம் செய்கிறவர்களுக்கு நிலம் விட்டிருந்தார்கள். அந்த நிலத்துக்குப் பெயர் ‘பங்குவ’. வைத்திருப்பவர் ‘பங்குகாரயா’. நம் பங்குதான், வேறொன்றுமில்லை. 1830களில் வெள்ளைக்காரன் ராஜகாரியம் என்கிற கட்டாயச் சேவகத்தை ஒழித்தபோதும் கோயில் நிலத்துச் சேவகத்தில் கை வைக்கவில்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அந்தச் சேவகங்களைப் பதிந்து, சேவகத்துக்குப் பதிலாகக் காசு கட்டலாம் என்று வழிவிட்டது. இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பங்கு வைத்திருந்தவன் மேளத்தை விட்டால் நிலமும் போகும். பெரும்பாலும் சாதியோடு கட்டிய கட்டு அது. நம் உபயத்திலும் அந்த வாடை உண்டு. முதலாம் திருவிழா யாருக்கு, தேர் யாருக்கு என்று தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய அந்தக் காலத்துப் பெரிய கங்காணிமார் பிரித்துக்கொண்டதில், தப்பு அடித்தவர் பெயர் எந்த நாளிலும் வரவில்லை. இன்றைய நோட்டீஸிலும் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஊடக அனுசரணைக்குக் கட்டம் இருக்கும், அவருக்கு இருக்காது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள கோபம் இதோடு முடியவில்லை. ‘அனுசரணையின் கீழ்’ என்று எழுதுகிறார்கள். கீழ் என்றால் என்ன, கம்பெனிக்குக் கீழேயா அம்மன் இருக்கிறாள்? ஆங்கிலத்தில் அப்படி இருந்தால் தமிழிலும் கீழே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமா? ‘பக்தர்களுக்கான அனுசரணைப் பொதி’ என்று ஒன்றை வாசித்தேன். தண்ணீர்ப் போத்தலும் விசிறியும் கொடுப்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். அதற்குத் தண்ணீர்ப் பந்தல் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர் இது.

அனுசரணை என்ற சொல் ஓரிடத்தில் மட்டும் பொருத்தமாக விழுந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுத்த நிறுவனம் தன் ஆட்களின் பேச்சு முடியட்டும் என்று மதன் எரிப்பைத் தள்ளிப்போடச் சொன்னதையும், கூத்துக்காரர் அதற்கு ஒத்துக்கொண்டதையும் நானே பார்த்தேன். ஒத்துப்போவதுதானே அனுசரணை. அதைச் செய்தவர்கள் காசு வாங்கியவர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நோட்டீஸில் ‘அனுசரணை: கூத்துக் குழுவினர்’ என்று போட்டிருக்க வேண்டும்.

நிறுவனங்கள் காசு கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் கடைப் பெயரைப் போடுவதற்காகக் கொடுத்த காசு விளம்பரக் காசு. கொடுத்தவர் விளம்பரதாரர். வானொலிக்காரர்கள் ‘வழங்குவோர்’ என்று நேராகச் சொன்னார்களே, அதுவும் நல்ல சொல். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பாரானால் அவருக்கு எந்தச் சொல்லும் தேவையில்லை, திருநீறு போதும்.

அடுத்த நோட்டீஸ் அடிக்கப் போகிறவர்களுக்கு: நாள் வாரியாக ‘ஆறாம் நாள் உபயம்: கீழ் டிவிசன் தொழிலாளர்கள்’ என்று எழுதுங்கள். ஊர் முழுதும் போட்ட காசை ‘ஊர்ப் பங்கு’ என்று எழுதலாம். பூசாரி பெயருக்குப் பக்கத்தில் கூத்து மாஸ்டர் பெயரும் தப்புக்காரர்கள் பெயரும் வரட்டும். கடைகளுக்கு அடியிலே தனிக் கட்டம் போட்டு, மேலே ‘விளம்பரம்’ என்று எழுதுங்கள். அச்சகத்துத் தம்பியின் கம்பியூட்டரில் பழைய நோட்டீஸ் ஒன்று சேமித்து இருக்கும். அதைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றப் பார்ப்பார். பக்கத்திலே நின்று, ‘பிரதான அனுசரணை’ இருக்கிற வரியை அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.