சத்தத்தைக் கூட்டினால் பேச்சு புரியாது

"மைக் சரியில்லை, நல்ல ஸ்பீக்கராகச் சொல்லுங்கள்" என்றுதான் ஒலியியல் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு அறையில் இருக்கும். ஒரு முறை கை தட்டினால் அந்த ஓசை அடங்கவே மூன்று நான்கு நொடி ஆகும்.

10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். இதில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய நூறு முறை சுவர், தரை, சீலிங் என்று எதிலாவது மோதுகிறது. சிமென்ட் பூச்சும் டைல்ஸும் ஒவ்வொரு மோதலிலும் 3 சதவீதம் போல விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒலி 60 டெசிபல் குறைய, அதாவது ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். காலியான இந்த அறையில் அது நாலரை நொடியைத் தாண்டும். பேச்சு தெளிவாகக் கேட்க 0.6 நொடி போல இருக்க வேண்டும்.

உயிரெழுத்தின் ஓசை பலமானது. அது அடங்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்து வரும் மெல்லிய மெய்யெழுத்து அதில் மூழ்கிவிடும். 'கடல்' என்றாரா, 'கடன்' என்றாரா? பின்வரிசைப் பிள்ளை ஊகிக்கத்தான் வேண்டும். காதுக்கருவி அணிந்த பிள்ளைக்கு ஊகமும் கைகொடுக்காது. வால்யூமைக் கூட்டினால் முழக்கமும் அதே அளவு கூடும்; அடங்கும் நேரம் கொஞ்சமும் குறையாது.

1895-இல் ஹார்வர்டின் ஒரு விரிவுரைக் கூடத்தில் இதே தொல்லை, எதிர்முழக்கம் ஐந்து நொடிக்கும் மேல். அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன் இரவுகளில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த கணக்கு இது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, பரப்புகளின் மொத்த உறிஞ்சும் திறனால், அதாவது ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டிய தொகையால், வகுத்தால் நேரம் நொடியில் கிடைக்கும். இன்றும் நாங்கள் முதல் கணக்கைப் போடுவது இப்படித்தான். மேலே சொன்ன வகுப்பறையின் சீலிங்கில் மட்டும் 70 சதவீதம் உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் 0.62 நொடிக்கு வந்துவிடுகிறது. சுவரைத் தொடவே வேண்டாம்.

முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். மெல்லிய பொருள் கீச்சு ஒலியை மட்டும் குறைக்கும், கனத்த ஒலி அப்படியே தங்கி அறை 'பூம்' என்றாகும். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த) பலகையை, பின்னால் இடைவெளி விட்டு மாட்டுவது எவ்வளவோ மேல். அப்புறம், வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுக்க இது உதவாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடக் கட்டத்திலேயே எதிர்முழக்க நேரம் எத்தனை நொடி வரும் என்று கேளுங்கள். பூச்சு முடிந்தபின் சரிசெய்வதைவிட அப்போது செலவு குறைவு.