‘சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிருவோம்’

செட்டிநாட்டுத் திருட்டு வழக்குகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பொருள் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ குடும்பம் வந்து அறையைத் திறக்கும்போதுதான் வெள்ளிச் சாமான் குறைவது தெரியும். சாவி யாரிடம் இருந்தது? காவல்காரரிடம். அன்று சாயங்காலமே அவர் ஸ்டேஷனில் இருப்பார்.

இப்பகுதி நீதிமன்றங்களில் இந்த வீட்டுக் காவல்காரர்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞன் நான். போலீஸ் அடி விழுவது பெரும்பாலும் கைதுக்கு முன்னால்தான். கைது என்று காட்டினால் குறிப்பாணை எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் அழுத்திச் சொன்னது. ‘சும்மா விசாரிக்க’ என்று கூட்டிப்போனால் எந்தக் காகிதமும் பிறக்காது. நம் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில் 2025 ஜூனில் இறந்த கோயில் காவலாளியும் நகை காணோம் என்ற புகாரில் தனிப்படை விசாரித்தவர்தான்.

போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதே, பிறகு ஏன் அடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். ‘ரெக்கவரி’க்காக, அதாவது பொருளை மீட்டுக் காட்டுவதற்காக. பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தின் 23-இல் தொடர்கிறது: சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அடி தாங்காதவர் ஏதாவது ஓர் அடகுக் கடையைக் கை காட்டுவார். கடைக்காரர் தலைவலி விட்டால் போதும் என்று ஏதோ ஒன்றைக் கொடுப்பார். உண்மையான திருடன் ஊரிலேயே நிம்மதியாக இருப்பான்.

அடிக்காமல் உண்மை வராது என்பது சோம்பேறித்தனம். இரண்டாம் உலகப் போரில் ஹான்ஸ் ஷார்ஃப் என்ற ஜெர்மன் விமானப்படை விசாரணையாளர், பிடிபட்ட விமானிகள் மேல் கை வைக்காமல் பேச்சுக் கொடுத்தே தகவல் வாங்கினார். போருக்குப் பின் அமெரிக்க விமானப்படையே அவரை அழைத்துப் பேசச் சொன்னது.

வீட்டுக்காரர்களிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. “நாலு தட்டு தட்டுங்க சார், தானா கக்குவான்” என்று ஆச்சிகளும் அண்ணன்மாரும் ஸ்டேஷனில் சொல்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். திருட்டுப் போன பொருளைத் திரும்ப வாங்க அடித்துக் காயப்படுத்துவது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 120-இன்படி 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லிப் போலீஸ்காரர் சித்திரவதை செய்வதையே சட்டம் உதாரணமாகத் தருகிறது. தூண்டியவரும் தப்ப முடியாது. அதைவிட, காணாமல் போனவற்றின் பட்டியலையும் பழைய போட்டோக்களையும் கொடுங்கள். வருஷத்தில் யார் யார் வந்து போனார்கள் என்று எழுதுங்கள்: பெயின்டர், எலக்ட்ரீஷியன், வீடு பார்க்க வந்த புரோக்கர், சொந்தக்காரர்கள் உட்பட. (இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை.)

காவல்காரர் குடும்பத்துக்கு: சாட்சியாக விசாரிப்பதென்றால் எழுத்தில் சம்மன் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 179-இன்படி பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். நம் பக்கத்துக் காவல்காரர்களில் எத்தனை பேர் 60-க்குக் கீழே? ஆனால் ‘தானே விரும்பி வந்தார்’ என்று எழுத அதே சட்டம் இடம் கொடுக்கிறது. விரும்பவில்லை என்றால் அதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். சந்தேக நபராக அழைத்தால் அதே சட்டத்தின் 35(3) பிரிவுப்படி நோட்டீஸ் தர வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள்; விசாரணையில் எழுதும் வாக்குமூலத்துக்கே சட்டப்படி கையெழுத்து கிடையாது.

ரிமாண்டின்போது “போலீஸ் அடிச்சாங்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்பார். கூட்டி வந்த போலீஸ்காரர் பின்னாலேயே நிற்பார். வக்கீல் கூட இருந்தால் தைரியம் வரும். பணமில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும். சட்ட உதவி எண் 15100.