'ரன்': ஓட்டமா, நடையா?

"அவர் அதிபர் பதவிக்கு ஓடுகிறார்." ஒரு செய்தி மொழிபெயர்ப்பில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வரியைப் படித்தேன். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் 'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு முதலில் கிடைப்பது 'ஓடு' என்பதுதான். அவர் அந்த முதல் பொருளோடு நின்றுவிட்டார். அந்தச் சொல்லோ அங்கே நிற்பதில்லை.

எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஓர் எண் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக அதிகப் பொருள்களைக் கொண்ட சொல் 'செட்'. சுமார் 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் பணி நடந்தபோது 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் என்று 2011இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லுக்கான பதிவை எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. இவ்வளவு பொருள் சேர்ந்ததில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில், கடிகாரம், மோட்டார், கடைசியில் கணினி நிரல் வரைக்கும், புதிதாக எது இயங்கத் தொடங்கினாலும் ஆங்கிலேயர் 'ரன்' என்றே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சிக்கலின் வேர் இயந்திரங்களுக்கு முந்தையது. பழைய ஆங்கிலத்தில் இது ஒரே சொல்லாக இருக்கவில்லை. 'இர்னன்' என்று ஒன்று இருந்தது. தானாக ஓடுவது, நீர் பாய்வது இரண்டையும் அது குறித்தது. 'ஏர்னன்' என்று இன்னொன்று. குதிரையில் ஏறி ஓட்டுவதுபோல, ஒன்றை ஓட வைப்பது அதன் பொருள். நாளடைவில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதனால்தான் இன்றைய ஆங்கிலத்தில் இயந்திரமும் 'ரன்' ஆகிறது, அந்த இயந்திரத்தை இயக்குபவரும் 'ரன்' செய்கிறார்.

தமிழ் இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கவே இல்லை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஓடு, ஓட்டு. இயங்கு, இயக்கு. நட, நடத்து. வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். நிரல் இயங்குகிறது, நாம் இயக்குகிறோம். ஆகவே 'ரன்' என்ற சொல் எதிரே வந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'இங்கே அசைவது தானாக அசைகிறதா, ஒருவர் அசைக்கிறாரா?' என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எப்படிப்பட்ட அசைவு என்பது.

ஒருவர் நிறுவனத்தை 'ரன்' செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அவர் நிறுவனத்தை நடத்துகிறார். ஆங்கிலம் ஓட்டுவதைத் தமிழ் நடக்க வைக்கிறது. பள்ளி நடத்துவது, வகுப்பு நடத்துவது, ஆய்வு நடத்துவது எல்லாம் இந்த வகை. சரி, 'ஓட்டு' என்று சொன்னால் என்ன ஆகும்? "எப்படியோ கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் வியாபாரம் செய்வதை மட்டும் சொல்லவில்லை, கையைக் கடிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். குடும்பத்தை நடத்துகிறேன் என்பதற்கும் குடும்பத்தை ஓட்டுகிறேன் என்பதற்கும் அதே வித்தியாசம்தான். முன்னதில் நிமிர்வு இருக்கிறது, பின்னதில் இழுபறி இருக்கிறது. காலத்தை ஓட்டுவது, பொழுதை ஓட்டுவது எல்லாம் பின்னதோடு சேர்ந்தவை. ஆங்கிலத்தின் ஒற்றை 'ரன்'னில் இந்த வேறுபாடு தெரிவதில்லை, சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் 'ஓட்டு' என்று போட்டுவிட்டால், செழிப்பாக நடக்கும் நிறுவனம்கூடத் தள்ளாடுவதாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

தேர்தலுக்கு வருவோம். பதவிக்கு 'ரன்' செய்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் அதே செயலுக்கு 'ஸ்டாண்ட்' என்கிறார்கள், அதாவது நிற்பது. ஒரே மொழியில், ஒரே வேலைக்கு, ஒரு கரையில் ஓட்டம், மறு கரையில் நிலை! தமிழில் நாம் தேர்தலில் நிற்கிறோம். செய்தி நடையில் போட்டியிடுகிறோம். இரண்டும் நல்ல சொற்கள். ஓடுவதற்கு அங்கே இடமே இல்லை. (தேர்தலில் நாம் போடும் 'ஓட்டு' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. அது 'வோட்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் புழங்கி மாறியது. வாக்கு என்று சொன்னால் குழப்பமே இல்லை.)

'இர்னன்' நீர் பாய்வதையும் குறித்தது என்றேன். ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரின்னென்' என்றால் வடிதல், ஒழுகுதல். ஓடுவதற்கு 'ரென்னென்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஆக ஆங்கிலத்தில் மூக்கு 'ரன்' ஆகிறது என்பது பின்னால் வந்த உவமை இல்லை, அந்தச் சொல்லின் பழைய பொருளே அதுதான். நம் 'ஓடு'வும் அப்படித்தான்: ஆறு ஓடுகிறது, ஓடை என்ற பெயரே அதிலிருந்து வந்தது, உடலில் இரத்த ஓட்டம் இருக்கிறது. இரண்டு மொழியும் இந்த இடத்தில் நெருங்கி வருவதால்தான் ஏமாந்துபோகிறோம். ஏனென்றால் ஆறு ஓடினாலும் தமிழில் மூக்கு ஓடாது. மூக்கு ஒழுகும், மூக்கில் நீர் வடியும். துணியை நனைத்தால் சாயம் இறங்கும் அல்லது போகும். குழாயை 'ரன்' செய்வதற்குத் திறந்துவிடுவது என்று சொன்னால் போதும். கொஞ்சமாக, சொட்டும் வேகத்தில் வருவதற்கு வடி, ஒழுகு, கசி. வேகமாக வருவதற்குப் பாய், ஓடு, பெருக்கெடு. அளவையும் வேகத்தையும் பார்த்துத் தமிழ் சொல்லை மாற்றிக்கொள்கிறது. காய்ச்சலை 'ரன்' செய்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

ஓட்டம் கால்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது தமிழுக்கு ஆங்கிலம் சொல்லித் தந்த விஷயமும் இல்லை. "கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்கிறது குறள் 496. தேரும் ஓடுகிறது, கப்பலும் ஓடுகிறது. கொன்றை வேந்தனில் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று வரும்போது மனிதர்கள் கடலின் மேல் ஓடுகிறார்கள். கடலோடி, நாடோடி என்ற சொற்களில் உள்ள 'ஓடு' வேகத்தைக் குறிக்கவில்லை, ஓரிடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதைக் குறிக்கிறது.

இனி, பின்னொட்டு சேர்ந்த வடிவங்கள். 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. ஆனால் எது தீர்ந்தது என்று பார்க்க வேண்டும். தாள் தீர்ந்துவிட்டது, மை தீர்ந்துவிட்டது. பொறுமை தீரவில்லை, பொறுமை போயிற்று, அல்லது பொறுமை இழந்தார். 'ரன் இன்டு' இன்னும் சிக்கலானது. சுவரில் என்றால் மோதியது; பழைய நண்பர் என்றால் எதிர்ப்பட்டார்; பிரச்சினை என்றால் மாட்டிக்கொண்டோம்; செலவு என்றால் ஆயிரக்கணக்கில் போகும். 'ரன் ஓவர்' என்பது வண்டியோடு வந்தால் ஏறி இறங்கியது, கூட்டத்தோடு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனது. ஒரு குணம் குடும்பத்தில் 'ரன்' ஆனால், அது வழிவழியாக வருவது, இரத்தத்தில் ஊறியது. ஒரு பத்திரிகை கட்டுரையை 'ரன்' செய்தால், வெளியிட்டது, அவ்வளவுதான்.

'இன் தி லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. போகப் போக, நாளடைவில், காலப்போக்கில் என்று மூன்று அருமையான வழக்குகள் நம்மிடம் இருக்கின்றன. மூன்றிலும் ஓட்டம் இல்லை. இரண்டு போகின்றன, ஒன்று அடைகிறது. தொலைநோக்கில் என்பதை இதற்குப் பதிலாகப் போடுகிறவர்களும் உண்டு. அது திட்டமிடுகிறவரின் பார்வையைச் சொல்வது. காலம் தானாக ஒன்றைக் கனிய வைப்பதைச் சொல்வதற்குக் காலப்போக்குதான் பொருந்தும்.

மரபுத்தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரன் தி கான்ட்லெட்'. கான்ட்லெட் என்றால் போர்வீரர் அணியும் இரும்புக் கையுறை. கையுறையை ஓடுவது எப்படி? உண்மையில் அது கையுறையே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் 'காட்லோப்' என்று ஒரு சொல். காட்டா என்றால் சந்து, லோப் என்றால் ஓட்டம். படையில் குற்றம் செய்தவனுக்குக் கொடுத்த தண்டனை அது. வீரர்கள் இரு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். குற்றவாளி நடுவே ஓட வேண்டும், இருபுறமும் அடி விழும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல், ஒலி ஒற்றுமையால் கையுறையோடு கலந்துவிட்டது. 'மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' என்ற நம் பழமொழி இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் முழுவதும் பொருந்தாது. மத்தளம் ஓரிடத்தில் கிடந்து அடி வாங்குகிறது. இவன் அடிகளைக் கடந்து மறுமுனைக்குப் போகிறான். எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டு கடந்து வந்தார் என்று விரித்து எழுதுவதே நேர்மையாக இருக்கும்.

'கட் அண்ட் ரன்' கப்பல்காரர்களின் மொழி. நங்கூரத்தை மேலே இழுக்கக்கூட நேரமில்லை, கயிற்றை வெட்டிவிட்டுக் காற்றோடு ஓடிவிடுவது. தமிழில் இதற்குத் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினான் என்பார்கள். அங்கே நங்கூரம் போனது, இங்கே துணி போனது. இரண்டிலும் உடைமையை விட்டு உயிரோடு ஓடுகிறான். பயந்து ஓடுவதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை: தலைதெறிக்க ஓடலாம், ஓட்டம் பிடிக்கலாம், பின்னங்கால் பிடரியில் பட ஓடலாம். கடைசியாகச் சொன்னது நாலுகால் பாய்ச்சலில் போகும் விலங்கின் ஓட்டம். மனிதனுக்குச் சொல்லும்போது அந்த அச்சம் அப்படியே கண்ணில் தெரிகிறது. 'ரன் ஆஃப் தி மில்' என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வெளிவரும் சரக்கு. சாதாரணமான, வழக்கமான என்று போட்டுவிட்டு நகரலாம்.

சில இடங்களில் தமிழில் ஏற்கெனவே நல்ல கலைச்சொல் நிலைத்துவிட்டது, பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும். 'டிரையல் ரன்' வெள்ளோட்டம். 'ரன்வே' ஓடுபாதை. 'ரன்னிங் கமெண்டரி' நேர்முக வர்ணனை; இங்கே ஓட்டத்தை விட்டுவிட்டு நேராகக் கண்டு சொல்வதைப் பிடித்திருக்கிறார்கள், மிகச் சரியான தேர்வு. கிரிக்கெட்டின் 'ரன்'னை மட்டும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அப்படியே வைத்துக்கொண்டன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓட்டங்கள் என்று எழுதுகின்றன. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ஓட்டங்கள் கிடைக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். ஆங்கிலத்திலும் அங்கே யாரும் ஓடுவதில்லை. அதனால் ஓட்டம் என்பதில் எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

லத்தீனில் ஓடுவதற்கு 'குர்ரெரெ' என்பார்கள். அதன் பிள்ளைகள் நம் அன்றாடப் பேச்சில் நிறைய இருக்கின்றன: கரண்ட், கரன்சி, கொரியர், கோர்ஸ், கர்சர், காரிடார். ஓடுவது, கைமாறி ஓடுவது, ஓடிப்போய்க் கொடுப்பவர், ஓடும் பாதை என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டம்தான். கரண்டுக்குத் தமிழில் மின்னோட்டம் என்ற சொல் அமைந்ததைக் கவனியுங்கள். லத்தீன் நினைத்ததும் தமிழ் நினைத்ததும் ஒன்றேதான்.

எதிர்த்திசையிலும் ஒருமுறை முயன்று பாருங்கள். உழைத்து ஓடாய்த் தேய்ந்தார் என்பதில் இருப்பது வேறு ஓடு, உடைந்த மண்பாண்டத்தின் சில்லு, ஓட்டத்தோடு சேர்க்கக்கூடாது. கண்ணோட்டம் இன்று ஒருவர் ஒன்றைப் பார்க்கும் விதத்தைக் குறிக்கிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் தலைப்பும் அதுவே, ஆனால் அங்கே அது இரக்கம்: இன்னொருவர் மேல் கண் ஓடி, அவரிடம் மனம் இளகுவது. கண்களை ஒரு பக்கத்தின் மேல் ஓட்டுவதை ஆங்கிலம் 'ரன்' என்றே சொல்லும், ஆனால் அந்தக் கண் ஓட்டம் இரக்கமாகக் கனிவதற்கு ஆங்கிலத்தின் 645 பொருள்களை வைத்துக்கொண்டும் வழி தேட வேண்டியிருக்கும். அப்புறம், கெட்ட செய்தி கேட்ட ஒருவர் "கையும் ஓடல, காலும் ஓடல" என்கிறாரே, அதை 'ரன்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால், அங்கே படிப்பவர் மனத்தில் தனியாக ஓட வேண்டிய ஒரு கையும் ஒரு காலும்தான் வந்து நிற்கும்.