சிவப்பாகத் தெரிவதெல்லாம் காயம் அல்ல

"இடது கெண்டைக்கால் தசை 38 கிலோபாஸ்கல், வலது 21. இடப்பக்கம் பாதிப்பு." தசையின் விறைப்பை அல்ட்ராசவுண்டால் அளக்கும் எலாஸ்டோகிராபி ஸ்கேனிலிருந்து இந்த மாதிரி ரிப்போர்ட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. கிலோபாஸ்கல் என்பது விறைப்பின் அலகு. கணுக்கால் எந்தக் கோணத்தில் இருந்தது, புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) எந்தத் திசையில் இருந்தது, எத்தனை முறை அளந்தார்கள், எந்தக் கருவி என்று ஒரு வரி இருக்காது. கூடவே சிவப்பும் நீலமுமாக ஒரு படம். அதைப் பார்த்து பயந்து ஓட்டப் பயிற்சியை நிறுத்துகிறவர்கள் உண்டு. தேவையில்லாத சிகிச்சைக்குப் போகிறவர்களும் உண்டு.

முதலில் அந்த வண்ணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். எலாஸ்டோகிராபி படத்தில் தெரியும் நிறம் ரத்தமும் அல்ல, வீக்கமும் அல்ல, கிழிசலும் அல்ல. விறைப்பின் அளவை நிறமாக மாற்றிக் காட்டுகிறது கருவி, அவ்வளவுதான். எந்த அளவில் சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஸ்கேன் எடுப்பவரின் விரல். படத்தின் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையின் உச்சத்தை 50 கிலோபாஸ்கலில் வைத்தால் சிவப்பாகத் தெரியும் தசை, 150-இல் வைத்தால் நீலமாகிவிடும். தசை மாறவில்லை, பட்டைதான் மாறியது. கையால் லேசாக அழுத்திப் பார்க்கும் பழைய வகை எலாஸ்டோகிராபியில் சில கருவிகள் மிருதுவான இடத்தையே சிவப்பாகக் காட்டும். ஆகவே பட்டையின் எந்த முனை விறைப்பு, எந்த முனை மிருது என்று பார்க்காமல் படத்தைப் படிக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, எண் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று நினைப்பது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆரோக்கியமான குதிகால் தசைநாண் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு விறைப்பைக் குறிக்கும் பட்டையில் படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அது நல்ல செய்தி. நாள்பட்ட தேய்மானத்தில் நார்களின் அடுக்கு குலைந்து அந்த இடம் மிருதுவாகிறது. சிவப்புக்கு நடுவே தெரியும் நீலத் திட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதையும் சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தில் தடிப்போ கருமையோ இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். "கால் இறுக்கமாக இருக்கிறது" என்று நோயாளி சொல்வதும், கருவி அளக்கும் விறைப்பும் ஒன்றல்ல. இறுக்கமாக உணரும் பலருக்கு எண் இயல்பாகவே வரும். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அலகு. திசுவுக்குள் கருவி கிளப்பிவிடும் அதிர்வு அலை (ஷியர் அலை) எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் கருவி உண்மையில் அளக்கிறது. வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு கணக்கில் 9 கிலோபாஸ்கல், இன்னொரு கணக்கில் 27. முதலாவது வேகத்தின் வர்க்கம். இரண்டாவது, அதை மூன்றால் பெருக்கும் கணக்கு. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் திசுவுக்குத்தான் இந்த இரண்டாவது கணக்கு பொருந்தும். தசை அப்படிப்பட்டதல்ல, அதில் நார்கள் ஒரு திசையில் ஓடுகின்றன. அதனால் கிலோபாஸ்கலாக மாற்றாமல், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றே எழுதுங்கள். கல்லீரலுக்கு வைத்திருக்கும் வரம்புகளைத் தசைக்கு மாட்டுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

அளக்கும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் கிடப்பு நிலையில்தான். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் தசை இழுபட்டு, விறைப்பு பல மடங்கு ஏறும். குப்புறப் படுக்க வைத்து, முழங்கால் நேராக, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கணுக்கால் கோணத்தைக் கோணமானியால் அளந்து, இரண்டு காலுக்கும் ஒன்றாக வையுங்கள். 5 முதல் 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். உடற்பயிற்சி முடித்த கையோடு வந்தவரை அளக்காதீர்கள்.

ஜெல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். தோலுக்கும் புரோப்புக்கும் இடையே ஜெல் ஒரு கரிய பட்டையாகத் திரையில் தெரிய வேண்டும். அது மறைந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அழுத்தினால் எண் ஏறும். வலிக்கும் இடத்தில் அழுத்தினால் இன்னும் மோசம்: நோயாளி தன்னையறியாமல் தசையை இறுக்குவார், வலிக்கும் இடமே சிவப்பாகும், உடனே "பார், இங்கேதான்" என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

புரோப் நார்களின் போக்கில் இருக்க வேண்டும். நார்க் கோடுகள் திரையில் அறுபடாமல் நீளமாகத் தெரிந்தால் சரி. குறுக்கே திருப்பினால் வேகம் இறங்கிவிடும். வண்ணம் நிலைக்கும்வரை சில வினாடிகள் கையை அசைக்காமல் காத்திருந்து பிறகு உறைய வையுங்கள். அளவு வட்டம் தசைக்குள்ளேயே இருக்கட்டும். தசையைச் சுற்றியிருக்கும் மேலுறையும் எலும்பும் அதில் சேரக் கூடாது. வண்ணம் நிரம்பாத ஓட்டை மிருதுவான இடம் அல்ல, அங்கே கருவிக்குச் சமிக்ஞையே கிடைக்கவில்லை. 5 முறை எடுத்து, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்பை எழுதுங்கள். ஐந்தும் ஐந்து திசைக்கு ஓடினால் ரிப்போர்ட் எழுதாமல் மறுபடி அளங்கள்.

தசைநாணில் இன்னொரு சிக்கல். பரவலாகப் புழங்கும் ஒரு கருவியின் உச்சவரம்பு வினாடிக்கு 16.3 மீட்டர், அதாவது மூன்றால் பெருக்கும் கணக்கில் 800 கிலோபாஸ்கல். சற்றே இழுபட்ட குதிகால் தசைநாண் அந்த வரம்பைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எது வந்தாலும் அதே எண்தான். போதாததற்குத் தசைநாண் சில மில்லிமீட்டர் தடிமன்தான். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், 500 ஹெர்ட்ஸில் ஓடும் அலையின் நீளம் 20 மில்லிமீட்டர். தடிமனைவிட நீளமான அலை அதற்குள் நெருக்கப்பட்டு ஓடுவதால், கிடைக்கும் வேகத்தில் தடிமனின் பங்கும் கலந்திருக்கும். வீங்கிய நாணையும் மெலிந்த நாணையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். முன்னேற்றம் பார்க்க மறுபடி எடுப்பதானால் அதே கருவியில், அதே கிடப்பில், முடிந்தால் அதே ஆளிடம் எடுங்கள். வேறு கருவியில் வந்த எண்ணைப் பழைய எண்ணின் பக்கத்தில் வைத்துக் கவலைப்படாதீர்கள். ரிப்போர்ட்டில் கிடப்பு, கோணம், புரோப்பின் திசை, அளவீடுகளின் எண்ணிக்கை, அலகு, கருவியின் பெயர் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதை யாராலும் நினைவிலிருந்து எழுதித்தர முடியாது.