தேக்கடியில் யார் யாரோடு பேசுகிறார்கள்?

“தேக்கடியில், பெரியார் புலிகள் காப்பகத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு காலத்தில் அங்கேயே மரப்பட்டை திருடியவராம். அவரை எப்படி நம்புகிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மனம் திருந்திவிட்டார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதை மட்டும் நம்பி 900 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டைக் காக்க முடியாது.

அந்தப் பட்டை வயனா மரத்துடையது. வயனா என்பது காட்டு இலவங்கப்பட்டை மரம். இலையைக் கசக்கினாலே வாசனை தூக்கும். கேரளத்தில் அதில் மாவைப் பொதிந்து கும்பிளப்பம் அவிப்பார்கள். அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் 1990-களின் கடைசியில் வனத்துறையோடு கைகோத்தார்கள். உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம் அவர்களை ஒரு குழுவாக்கியது. இன்று பயணிகளுக்கு அட்டை ஏறாத காலுறையை மாட்டிவிட்டு, துப்பாக்கி ஏந்திய காவலரோடு காட்டுக்குள் கூட்டிப்போவது அவர்கள்தான்.

வருமானம் கிடைக்கிறது, சரி. அது பாதி விடைதான். மீதிப் பாதி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு தாளில் ஆறு புள்ளி வையுங்கள்: வனத்துறை, வழிகாட்டிகள், மன்னான்–பளியர் பழங்குடிக் குடியிருப்புகள், பக்கத்து ஊரான குமுளியின் விடுதிக்காரர்கள், கடைக்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள். பேசிப் பழகும் இரு தரப்புக்கு இடையே ஒரு கோடு. வனத்துறையை நடுவில் வைத்து மற்ற ஐந்துக்கும் கோடு இழுத்தால் நட்சத்திரம், 5 கோடுகள். நல்ல அதிகாரிக்கு இடமாற்றம் வந்து நடுப்புள்ளி செயலிழந்தால் ஒரு கோடும் மிஞ்சாது. எல்லாரையும் எல்லாரோடும் இணைத்தால் 15 கோடுகள். நடுப்புள்ளி போனாலும் 10 நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முக்கோணங்கள், அதாவது மூன்று புள்ளிகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது. நட்சத்திரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. முழு வலையில் 20. வழிகாட்டி ஒருவர் மறுபடி பட்டையில் கைவைக்கிறார் என்று வையுங்கள். குடியிருப்பில் ஒருவர் பார்க்கிறார், அவருக்கு விடுதிக்காரரைத் தெரியும், விடுதிக்காரருக்கு வழிகாட்டியைத் தெரியும். சாயங்காலத்துக்குள் சேதி போய்விடும். அடுத்த நாள் விடுதியிலிருந்து அவரிடம் பயணிகள் வரமாட்டார்கள். ஒரு மூட்டைப் பட்டைக்காக எத்தனை நாள் பிழைப்பை இழப்பது? முக்கோணத்தில் நல்ல பெயரும் அதே வேகத்தில்தான் பரவும். பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோரே ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் இடங்களில் அது நீடிக்க முடியும் என்று காட்டியதற்காகத்தான் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

தேக்கடியில் ‘வசந்த சேனா’ பெண்கள் கூலி வாங்காமல் முறைவைத்துக் காட்டில் ரோந்து போனார்கள். வருமானக் கணக்கை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது.

தாளில் கோடு இழுப்பது சுலபம். நிஜத்தில் ஒவ்வொரு கோடும் பல கூட்டங்கள், பல டீ, ஒன்றிரண்டு சண்டை. அதற்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை என்பது என் ஆதங்கம். சூழல் சுற்றுலா என்றதும் பணம் நுழைவு வளைவுக்கும் குடிலுக்கும் போகிறது. அதற்கு முன் அந்த ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று படம் வரையவேண்டும். ஊர் பழகிய நாலு ஆய்வு மாணவர்களும், “போன மாதம் ஒரு சிக்கல் வந்தபோது யாரிடம் போனீர்கள்?” என்ற கேள்வியும் போதும்.